கேள்வி கேட்டால் தேசத்துரோகியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 மே 8 இரவு, பாகிஸ்தானுக்கு எதிரான நம் ராணுவ நடவடிக்கையான ‘ஆபரேஷன் சிந்தூர்’ நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் கராச்சி துறைமுகம் பற்றி எரிந்தது. ஆதாரமாகச் சுற்றிய வீடியோ, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அந்த ஜனவரியில் நடந்த விமான விபத்து! ‘ஆர்மா 3’ கணினி விளையாட்டுக் காட்சிகளும் நிஜச் சண்டையாக ஓடின. சரி, வாட்ஸ்அப் அப்படித்தான். ஆனால் டிவி சேனல்களுமா? ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச்சில் பாகிஸ்தான் பீரங்கித் தாக்குதலில் இறந்த மதரஸா ஆசிரியரைச் சில சேனல்கள் பயங்கரவாதி ஆக்கிவிட்டன. காவல்துறை மறுப்பு வெளியிட்டது. அந்த மறுப்பை எங்கள் குழுவில் ஒருவரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

மே 10 அன்று சண்டை நிறுத்தத்தை அறிவித்ததற்காக வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியை மகளோடு சேர்த்து வசைபாடினார்கள். அவர் தன் எக்ஸ் கணக்கைப் பூட்டிக்கொண்டார். முடிவெடுத்தது அரசு, ஏச்சு வாங்கியது அறிவிப்பைப் படித்தவர்.

நம் விமானம் ஏதும் விழுந்ததா என்று அந்த நாட்களில் கேட்டவர்களுக்குத் தேசத்துரோகிப் பட்டம் கிடைத்தது. மே 11இல் விமானப்படையின் ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி, இழப்பும் போரின் ஒரு பகுதிதான் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மே 31இல் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான் சிங்கப்பூரில் ஒரு வெளிநாட்டு ஊடகத்திடம் விமான இழப்பை ஒப்புக்கொண்டார். எத்தனை என்பதைவிட ஏன் என்பதே முக்கியம், தவறைத் திருத்திக்கொண்டு மீண்டும் பறந்தோம் என்றார். இதில் ராணுவத்துக்கு என்ன இழுக்கு? பட்டம் கொடுத்தவர்கள் அன்று கப்சிப். நடவடிக்கையின்போது படைகளின் நேரத்தில் 15 சதவீதம் பொய்ச் செய்திகளைச் சமாளிப்பதில் போனதாகவும் அவரே சொன்னார். அதில் நம்மவர்கள் கிளப்பியதும் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எக்ஸ் தளத்தில் 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க அரசு உத்தரவிட்டது. அதே வேகத்தை உண்மையைச் சொல்வதிலும் காட்டியிருக்கலாம். ராணுவ விளக்கக் கூட்டங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்தன. தமிழில் எங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது ஃபார்வர்டுதான். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் ஏராளம். அந்தத் தாய்மார்களுக்காகவாவது பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அதிகாரியைத் தமிழில் பேச வைக்கலாம். மற்ற மாநில மொழிகளுக்கும் அப்படியே. பத்திரிகைகளும், மறுப்பை உள்பக்க மூலையில் போடாமல், முதல் செய்தி வந்த இடத்திலேயே போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர்.