கொலுசுப் பட்டறைக்கும் ஒரு கேமரா வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுய உதவிக் குழுக் கூட்டம் முடிந்ததும், ராய்கா ஜெதாப்சி என்ற பெண் இயக்கிய 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' ஆவணப்படத்தை ஒரே செல்போனில் எட்டுப் பேர் முண்டியடித்துப் பார்த்தோம். உத்தரப் பிரதேசத்து ஹாப்பூர் பக்கத்துக் கிராமத்தில் நம் கோவை முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரம் வந்து இறங்குகிறது, பெண்கள் பேசத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான் கதை. 2019-ல் ஆஸ்கர் வாங்கியது.

மாதவிலக்கு என்றதுமே அதில் வாயை மூடிச் சிரிக்கிறார்கள், எங்கள் குழுவிலும் இரண்டு பேர் அப்படியே சிரித்தார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு நிற்கவே இல்லை. துணியை வெயிலில் காயப்போட வெட்கப்பட்டு, ஈரத்தோடு கட்டிப் புண்ணான கதையை ஐம்பது வயது அக்கா ஒருவர் முதல் தடவையாகச் சொன்னார். எந்த மருத்துவ முகாமிலும் அவர் இதைச் சொன்னதில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்ததால்தான் இந்தப் பேச்சே வெளியே வந்தது என்று நம்புகிறேன்.

2017-ல் திவ்யபாரதி என்ற பெண் எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் இன்னொன்று. மலக்குழிச் சாவுகளை முகத்துக்கு நேராகக் காட்டிய படம்.

சேலத்தில் சொல்லாத கதை எவ்வளவு இருக்கிறது! மாக்னசைட் சுரங்கத் தூசி, கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும்போது எழும் புகை, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பெண்கள் பிரசவத்துக்கு மலையிறங்கி வரும் பாதை. மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர் சார் இது. உங்கள் ஞாயிறு இதழில் இந்த இயக்குநர்களைப் பற்றி ஒரு தொடர் போடுங்கள், நம் கல்லூரிப் பெண்கள் கண்ணில் படட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்