ஜீப் டயரின் பக்கத்தை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

‘டயர் வெடித்ததில் வேகக் கட்டுப்பாட்டை இழந்த ஜீப் வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது.’ இப்படி ஒரு வரியைத் தங்கள் பத்திரிகையிலும் மற்றப் பத்திரிகைகளிலும் அடிக்கடி பார்க்கிறோம். அத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. வெடித்தது எந்த டயர், எத்தனை வருடப் பழசு, எந்த இடத்தில் கிழிந்தது என்று பொலிஸார் சொல்வதுமில்லை, நிருபர்கள் கேட்பதுமில்லை. விதி என்று விட்டுவிடுகிற காரியம் இல்லை இது. உப்புவெளியில் இருந்துகொண்டு வாடகை வாகனம் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். அந்தத் தொழிலில் கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

கிழக்கில் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து திருகோணமலைக்கு வரும் பெரிய ஜீப்புகளைப் பாருங்கள். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வந்த சொந்தக்காரர்கள் ஏழு பேர், அவர்களுடைய பெட்டிகள், கூரையிலும் ஒரு அடுக்குச் சாமான். ஹபரணை தாண்டினால் கந்தளாய் வரை வீதி நேராகக் கிடக்கிறது, வேகமும் தானாக ஏறிவிடுகிறது. வெறும் வண்டியே இரண்டு தொன்னுக்கு மேல். இவ்வளவு பாரத்தையும் தாங்குவது அந்த நாலு டயர்களுக்குள் இருக்கும் காற்றும் அதை அடக்கி வைத்திருக்கும் பக்கச் சுவரும், அதாவது நாங்கள் சைட்வோல் என்று சொல்லும் பகுதியும்தான். ஆனால் டயரைப் பார்க்கிற எவரும் பார்ப்பது தரையில் படும் பகுதியைத்தான். மொட்டையாகிவிட்டதா, இல்லையா? இல்லையென்றால் சரி, ஓடலாம் என்கிறார்கள்.

தரையில் படும் பகுதிக்குள் உருக்குக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. ஆணி ஏறினாலும் அங்கே முறைப்படி ஒட்டலாம். சாதாரண ஜீப் டயரின் பக்கத்தில் அந்தப் பட்டைகள் கிடையாது. உள்ளே பொலியெஸ்டர் போன்ற நூல் அடுக்கு, அதன் மேல் மெல்லிய இறப்பர், அவ்வளவுதான். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. காற்றுக் குறைந்தால் மடிப்பு கூடும், மடிப்புக் கூடினால் சூடு ஏறும். சூடு ஏற ஏற நூலும் இறப்பரும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது.

போன வருடம் கந்தளாய்க்கு இந்தப் பக்கம் எனக்கு முன்னால் போன ஜீப் ஒன்றின் பின்பக்க இடது டயர் இப்படித்தான் போனது. சாரதி பதறவில்லை. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார். சின்னப் பிள்ளைகள் இருவர் உட்பட எல்லோரும் தப்பினார்கள். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் ‘டயர் எல்லாம் நல்ல டயர்’ என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். ஸ்பெயார் சக்கரத்தை மாட்டி, நகரத்தில் எனக்குப் பழக்கமான டயர் கடைக்குக் கூட்டி வந்தேன். கடைத் தம்பி டயரை றிம்மில் இருந்து கழற்றிச் சரித்தார். உள்ளே இருந்து கறுப்புத் தூள் கொட்டியது, கைப்பிடி அளவுக்கு. உட்பக்கச் சுவரில் வட்டமாக ஒரு பட்டை உரசித் தேய்ந்திருந்தது. கிழிந்த விளிம்பில் நூல்கள் துருத்திக்கொண்டு நின்றன. “அண்ணை, வெளியால பார்த்தாப் புதுசு மாதிரித்தான் கிடக்கு. காத்துக் குறையக் குறைய ஓடியிருக்கினம். உள்ளுக்கு எல்லாம் அரைஞ்சு போச்சு” என்றார். தரையில் படும் பகுதியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்த டயர் அது.

இந்தக் காற்று விஷயத்தில் நம் ஆட்கள் செய்வது கொஞ்சநஞ்சமல்ல. சாரதியின் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காற்று, முழுப் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு டயரில் அச்சடித்திருக்கும் ஆகக்கூடிய அளவைப் பார்த்து அடிக்கிறவர்கள் உண்டு. பெற்றோல் செட்டில் எல்லா வாகனத்துக்கும் ஒரே கணக்கில் அடித்துவிடுவதும் உண்டு. இன்னும் மோசம், நெடுந்தூரம் ஓடி ஹபரணையில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது அளந்து பார்த்து, ‘காத்துக் கூடிப்போச்சு’ என்று திறந்து விடுவது. ஓடிய சூட்டில் அளவு கூடத்தான் செய்யும். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதுதான் சரியான அளவு. அப்புறம், நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கம் ஜீப்பை மணலில் இறக்குவதற்காகக் காற்றைக் குறைக்கிறார்கள். மணலுக்கு அது சரி. திரும்ப அடிக்காமல் அப்படியே தார் வீதியில் ஏறி வேகமாக ஓடுவதுதான் டயரைக் கொல்கிறது.

எங்கள் வீதிகளுக்கும் இதில் பங்குண்டு. புல்மோட்டை வீதியில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்கத்தான் வேண்டும். தாரின் விளிம்பு அரித்துப்போய்க் கத்தி மாதிரி நிற்கும் இடங்களில், இறங்கிய சக்கரம் மீண்டும் ஏறும்போது அந்த விளிம்பு பக்கச் சுவரைத்தான் சீவுகிறது. குழியில் விழும்போது சுவர் றிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவில் நசுங்கி உள்ளே நூல் அறுகிறது. அறுந்த இடத்தில் பிறகு புடைப்புத் தெரியும். புடைத்த டயர் எந்த நேரமும் போகலாம்.

அழகுக்காகப் பெரிய றிம் போடும் இளைஞர்களுக்கு ஒரு கணக்கு. பல ஜீப்புகளில் வரும் அளவு 265/65 ஆர் 17. அகலம் 265 மில்லிமீற்றர், அதில் 65 வீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 172 மில்லிமீற்றர். கடைசியில் வரும் 17, றிம்மின் அங்குலம். அதையே 20 அங்குல றிம்முக்கு மாற்றி 265/50 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் சுவர் 132 மில்லிமீற்றராகக் குறைந்துவிடும். குழியின் அடியைத் தாங்க இருந்த இடத்தில் நாலு சென்ரிமீற்றர் போய்விட்டது. அளவுக்குப் பின்னால் வரும் பார எண்ணையும் பாருங்கள். 112 என்றால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000 கிலோதான். விலை குறைவு என்று எண் குறைந்ததைப் பூட்டினால் இழப்பு ஒரு சக்கரத்துக்கு 120 கிலோ.

வயதும் முக்கியம். டயரில் ‘டொட்’ (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 3516 என்றால் 2016ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பல டயர்களில் அது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி பூட்டியிருந்தால் கீழே குனிந்து ரோச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைக்காலத்தில் இருந்த ஜீப்புகளையே தேய்த்து ஓட்டினோம். தொண்டு நிறுவனங்கள் விட்டுப்போன வாகனங்கள்கூட இன்னும் ஓடுகின்றன. இத்தனை வருடமும் எங்கள் வெயிலில் நின்ற இறப்பர் வெடிக்காமல் என்ன செய்யும்? பிரித்தானியாவில் 2012இல் ஒரு பஸ் விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் வருடக்கணக்காகப் போராடினார். அந்த பஸ்ஸின் முன் டயர் 19 வருடத்துக்கு மேல் பழையது. 2021 பெப்ரவரி முதல் அங்கே பஸ், லொறிகளின் முன் அச்சில் 10 வருடம் கடந்த டயர் பூட்டத் தடை.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற ஜீப்பில் இருந்தவை. அங்கே நடந்தது பக்கச் சுவர் கிழிவதல்ல, தரையில் படும் பகுதி உரிந்து போனது. ஆனாலும் உயரமான வாகனத்தில் ஒரு டயர் போனால் அது எப்படிக் குப்புறப் புரளும் என்பதை உலகம் கண்டது அப்போதுதான். இறந்தவர்கள் 270 பேருக்கு மேல். அந்த வருடமே சட்டம் வந்தது, காற்றுக் குறைந்தால் எரியும் விளக்கும் அதன்வழி கட்டாயமானது. இங்கே ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில் அந்த விளக்கு இல்லை. இருந்தாலும் முழுதாக நம்ப முடியாது. கால்வாசிக் காற்றுப் போன பிறகு எரிந்தாலே அந்தச் சட்டத்துக்குப் போதும்.

டயர் கடைக்காரர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். பக்கச் சுவர் கிழிந்த டயருக்குச் சூடு வைத்து ஒட்டாதீர்கள். உள்ளே ரியூப் போட்டு ‘கொஞ்ச நாள் ஓடலாம்’ என்று அனுப்பாதீர்கள். மாட்டேன் என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார் என்பது எனக்கும் தெரியும். போகட்டும்.

அதிகாரிகளிடம் ஒன்று. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்கிறீர்கள். ஜீப் எப்படியும் புகைப் பரிசோதனை நிலையத்துக்கு வரத்தான் போகிறது. அங்கேயே நாலு டயரையும் ஸ்பெயாரையும் ஒருவர் குனிந்து பார்த்து வயது, புடைப்பு, வெட்டு இருக்கிறதா என்று எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். வாடகைக்கு ஓடும் ஜீப்புகளில் இருந்தாவது தொடங்குங்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபை புல்மோட்டை வீதியின் அரித்த விளிம்புகளை அடுத்த மாரிக்கு முன் கட்டித் தரவேண்டும். தங்கள் நிருபர்கள், அடுத்த முறை டயர் வெடித்த செய்தி எழுதும்போது அந்த நாலு இலக்கத்தையும் கேட்டுப் போடட்டும்.

இங்ஙனம்,
வாடகை வாகனச் சாரதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.