சுழியம் காட்டும் நொதி: கைட்டோட்ரையோசிடேஸ் அறிக்கை வழங்கும் ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உயிர்வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இரத்தத்தில் கைட்டோட்ரையோசிடேஸ் நொதியின் செயல்பாட்டை அளந்து தாங்கள் அனுப்பும் அறிக்கைகளை நம்பியே, கோஷே என்னும் மரபுவழிக் கொழுப்புத் தேக்க நோயில் மருந்தின் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா என்று முடிவெடுக்கும் மருத்துவர்களுள் நானும் ஒருவன். ஓர் எண், அதற்கெதிரே ஓர் இயல்பு வரம்பு, அதன்கீழ் ஒரு கையொப்பம் என்று முடிந்துவிடும் அறிக்கை இந்த நொதிக்குப் போதாது என்பதே இம்மடலின் முறையீடு.

பூஞ்சைகளின் செல்சுவரிலும் பூச்சிகள், நண்டுகள் ஆகியவற்றின் புறஓட்டிலும் உள்ள கைட்டின் என்னும் மாவுச்சத்தினச் சேர்மத்தைப் பாலூட்டிகள் உற்பத்தி செய்வதில்லை. ஆயினும் அதை உடைக்கும் நொதிகள் நம் உடலில் உள்ளன. அவற்றுள் கைட்டோட்ரையோசிடேஸைப் பெருமளவில் சுரப்பவை, தூண்டப்பட்ட மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்கள். ஆம்ஸ்டர்டாமில் கார்லா ஹோலக், ஹான்ஸ் ஆர்ட்ஸ் ஆகியோர் இடம்பெற்ற குழு 1994இல் கோஷே நோயாளிகளின் பிளாஸ்மாவில் இந்நொதி இயல்பைவிட ஏறத்தாழ 600 மடங்கு உயர்ந்திருப்பதைக் கண்டது. குளுக்கோசெரிப்ரோசைடைச் சிதைக்க இயலாமல் அக்கொழுப்பை நிரப்பிக்கொண்டு கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் தேங்கிக் கிடக்கும் மேக்ரோஃபேஜ்களே இந்நொதியைக் கொட்டுகின்றன. ஆகவே குறைபட்ட நொதியை வெளியிலிருந்து தரும் மாற்று நொதி சிகிச்சை பலனளிக்கும்போது அளவு இறங்குகிறது, சிகிச்சை தடைப்பட்டால் ஏறுகிறது. நோயின் சுமையைக் குருதியில் காட்டும் இத்தகைய குறியீடு மருத்துவத்தில் எளிதில் கிடைப்பதன்று.

ஆனால் இந்நொதிக்கான மரபணுவின் பத்தாவது எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதியில்) 24 கார இணைகள் இரட்டிப்பாகும் ஒரு மாற்றம் மிகப் பரவலாக இருக்கிறது. அதனால் ஆர்என்ஏ தவறான இடத்தில் வெட்டப்பட்டு, புரதத்திலிருந்து 29 அமினோ அமிலங்கள் விடுபட்டுப்போக, நொதி செயலிழக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் இம்மாற்றத்தைத் தாய்வழி, தந்தைவழி வந்த இரு மரபணுப் படிகளிலும் பெற்றவர்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் ஒரு படியில் பெற்றவர்கள். கிழக்காசிய மக்கள் சிலரிடையே இவ்விகிதம் இதைவிடப் பன்மடங்கு அதிகம். இவர்கள் பொதுவாக நலமாகவே வாழ்கிறார்கள் என்பதால், இக்குறைபாடு இருப்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

இரு படிகளிலும் இம்மாற்றத்தைப் பெற்ற ஒருவருக்குக் கோஷே நோயும் இருந்துவிட்டால் நிலைமையை எண்ணிப் பாருங்கள். மண்ணீரல் வயிற்றின் பாதியை அடைத்திருக்கும், தட்டணுக்கள் குறைந்திருக்கும். தங்கள் அறிக்கையோ சுழியம் என்று சொல்லும். உயர்வு மட்டுமே தடித்த எழுத்தில் காட்டப்படும் வழக்கத்தில் அந்தச் சுழியம் இயல்பு வரம்புக்குள் அடங்கிய நல்ல செய்தியாகப் படிக்கப்படும். மரபணுச் சான்று இல்லாத சுழியத்தை "பொருள்கொள்ள இயலாதது" என்றே அறிக்கையில் எழுதி, கோஷே நோயின் பிற குருதிக் குறியீடுகளான லைசோ-ஜிபி1 அல்லது சிசிஎல்18 அளவைப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு படியில் மட்டும் மாற்றமுள்ளவருக்கு நொதியின் அளவு ஏறத்தாழப் பாதியாகவே இருக்கும். ஆகவே இரு நோயாளிகளின் எண்களை அருகருகே வைத்து யாருடைய நோய் கடுமையானது என்று தீர்மானிப்பது தவறாகிவிடும். ஒரே நோயாளியின் எண்கள் காலப்போக்கில் ஏறுவதும் இறங்குவதும் அப்போதும் நம்பத்தக்கவையே.

அளக்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்மாவுடன் நான்கு-மெத்தில்அம்பெல்லிஃபெரில் கைட்டோட்ரையோசைடைக் கலந்து, அமிலத்தன்மையுள்ள கரைசலில் வைத்து, பின்னர் காரக் கரைசலை ஊற்றி வினையை நிறுத்தும்போது, விடுபட்ட மூலக்கூறு புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நொதி வெட்டவேண்டிய அந்த வினைப்படுபொருள் மிகுந்தால் நொதி, வெட்டிய சர்க்கரைத் துண்டை நீரிடம் சேர்க்காமல் இன்னொரு வினைப்படு மூலக்கூறின்மேல் ஒட்டிவிடுகிறது. ஒளிர்வு குறைந்து, நொதியும் குறைவென்று தோன்றுகிறது. நான்காவது இடத்தில் ஹைட்ராக்சில் இல்லாத டீஆக்ஸிகைட்டோபயோசைடு வகையைப் பயன்படுத்தினால் இவ்வாறு ஒட்டுவதற்கு இடமிருப்பதில்லை. எவ்வகை வினைப்படுபொருள் பயன்பட்டது, மாதிரி எத்தனை மடங்கு நீர்க்கப்பட்டது என்ற இரண்டு விவரங்களும் இல்லாமல் ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் எண்ணுடன் ஒப்பிட வழியில்லை. நோயாளிகள் ஊர் மாறுவதும் ஆய்வகம் மாறுவதும் இயல்பு என்பதால் இது வெறும் நுட்பக் குறிப்பன்று.

உயர்ந்த எண்ணின் பக்கத்தில் "கோஷே நோய்க்கு ஒத்துள்ளது" என்று எழுதும் பழக்கமும் எனக்கு உவப்பில்லை. உறுப்புகளில் அழற்சித் திரள்கள் தோன்றும் சார்காய்டோசிஸிலும், மற்றொரு கொழுப்புத் தேக்க நோயான நீமன்-பிக் நோயிலும் தலசீமியாவிலும் இந்நொதி உயர்கிறது. இயக்க நரம்பணு நோயான ஏஎல்எஸ்ஸில் மூளைத் தண்டுவடத் திரவத்திலும் அது கூடுகிறது. அங்கெல்லாம் பொதுவாக இருப்பது மேக்ரோஃபேஜ் வழி வந்த செல்களின் கிளர்ச்சி. நோயின் பெயரை இந்த எண் சொல்வதில்லை. பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் கோஷே நோயில் குறைபடும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதியையும் அதன் மரபணுவையும் நேரடியாகச் சோதிப்பதே முறை.

அழற்சியில், கைட்டினை உடைக்கும் நொதிகளான கைட்டினேஸ்களின் பங்கு இன்னும் முழுதாகத் தெளிவடையவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த அமிலப் பாலூட்டிக் கைட்டினேஸ் ஆஸ்துமா அழற்சியைத் தூண்டுவதாக 2004இல் எலிகளில் கூறப்பட்டது. ஆனால் அந்நொதியே இல்லாத எலிகளின் நுரையீரலில் வயதாக ஆகக் கைட்டின் தேங்கி நார்த்தன்மை உண்டாவதாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. கைட்டோட்ரையோசிடேஸைத் தடுக்கும் மருந்தொன்று சார்காய்டோசிஸுக்கான மனிதச் சோதனைவரை வந்திருக்கிறது. பிறவியிலேயே அந்நொதி இல்லாதவருக்கு அதைத் தடுக்கும் மருந்தால் என்ன பயன் கிடைக்கும்? அப்படிப்பட்டவரைத் தேர்ந்து சொல்லும் பொறுப்பு முதலில் தங்கள் மேசைக்கே வரும். ஆகவே கைட்டோட்ரையோசிடேஸ் மரபணுச் சோதனையை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒருமுறை செய்து, அதன் முடிவைப் பின்வரும் எல்லா அறிக்கைகளிலும் அச்சிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அறிக்கைகளைப் பயன்படுத்தும் ஒரு மருத்துவர்