சரோஜாவுக்கு, நீ ஜோகன்னஸ்பர்க் புறப்படுமுன்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சரோஜா,

ஊர் திரும்பி ஒன்றரை மாதமாகியும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இங்கே எல்லோரும் நலம். ஜனவரியில் நீங்கள் இருவரும் மகனிடம் ஜோகன்னஸ்பர்க் போவதாக ருக்மணி டீச்சர் சொன்னதிலிருந்து எனக்கு உறக்கம் சரியாக இல்லை. அங்கே எனக்கு நேர்ந்ததை உன்னிடம் மறைத்தது தவறு.

நான் மகள் வீட்டுக்குப் போனபோதே தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று சொல்லியிருந்தேன். ஜோகன்னஸ்பர்க்கிலேயே பிறந்து, 1913 சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த அந்தப் பெண்ணின் கதையை நாம் எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்போம்! அவள் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் இருக்கிறாள், காந்தியின் போராட்டத்தில் அவளுக்கு முன்பே சிறை சென்று உயிர்விட்ட நாகப்பனும் அங்கேதான்.

காரில் ஏறும்போதே ஓட்டுநர் பையை டிக்கியில் வைக்கச் சொன்னார். நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். அங்கே சிக்னலுக்கு ‘ரோபோ’ என்று பெயர். அப்படி ஒரு ரோபோவில் வண்டி நின்றபோது, பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் என் புடவையில் கொட்டியது, ஒரு கை உள்ளே வந்து பையை இழுத்தது. ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் துண்டை வீசினால் கார்க் கண்ணாடி நொறுங்கிவிடுமாம். நானோ பையின் வாரை விடவில்லை, சரோஜா. ‘விடுங்கள், விடுங்கள்’ என்று ஓட்டுநர் கத்திய பிறகுதான் விட்டேன். வெளியே நின்ற இன்னொருவன் கையில் துப்பாக்கி இருந்ததை அவர் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

கைப்பேசியும் கொஞ்சம் பணமும் படிக்கிற கண்ணாடியும் போயின. பாஸ்போர்ட் வீட்டில் பூட்டியிருந்ததால் தப்பியது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கிக்கொண்டோம். அது இல்லாமல் பயணக் காப்பீட்டுக்காரர்கள் பேசவே மாட்டார்கள்.

இனி நான் சொல்வதை அண்ணனையும் உட்காரவைத்துப் படி. உன் தாலிச் செயினை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு போ. நீ மாட்டேன் என்பாய். காட்பாடி ரயிலில் அன்று அவ்வளவு நடந்தும் மறுநாளே அதே செயினோடு பள்ளிக்கு வந்தவள்தானே! ஆனால் இங்கே பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு ஓடுகிறவனை வைத்து அந்த ஊரைக் கணக்குப் போடாதே. அங்கே யாராவது கேட்டால், வாதாடாமல், முகத்தை உற்றுப் பார்க்காமல், கையை மெதுவாக நீட்டிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கென்றே கொஞ்சம் பணத்தோடு ஒரு சிறிய பர்ஸைத் தனியாக வைத்துக்கொள்.

விமான நிலையத்திலிருந்தே காரைப் பின்தொடர்ந்து வந்து வீட்டு வாசலில் கொள்ளையடிப்பதும் உண்டு. ஆகவே அங்கே நின்று கட்டுக்கட்டாக அந்த நாட்டு ரேண்டு நோட்டு மாற்றாதே. மகன் வருவதற்குத் தாமதமானால் கௌட்ரெய்ன் என்ற விரைவு ரயிலில் சாண்ட்டன் பகுதி வரை வந்துவிடலாம். ஏடிஎம் மாலுக்கு உள்ளே இருப்பதாகப் பார். கார்டு மாட்டிக்கொண்டதுபோல் இருந்தாலும் உதவ வருகிறவரிடம் கொடுக்காதே. இருட்டிய பிறகு நகரின் நடுப்பகுதியில் நடக்க வேண்டாம். 10111 காவல்துறை எண், கைப்பேசியிலிருந்து 112.

இதற்காகப் பயணத்தை நிறுத்திவிடாதே. கான்ஸ்டிட்யூஷன் ஹில்லில் காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த சிறையையும், அந்த வளாகத்திலேயே எழும்பி நிற்கும் அரசியலமைப்பு நீதிமன்றத்தையும் வழிகாட்டியோடு அவசியம் பார். நம் கோட்டையை வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டிய உனக்கு அங்கிருந்து எழுந்து வர மனம் வராது.

பை பறிபோன மறுநாளே இடுகாட்டுக்குப் போனோம், பகலில், எல்லோருமாக. வள்ளியம்மையின் கல்லின் முன் நின்றேன். கண்ணாடி இல்லாததால் எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பேத்திதான் படித்துக் காட்டினாள். நீ போகும்போது அதில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் தாளில் எழுதிக்கொண்டு வா. உன் கையெழுத்தில் நானே படிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மல்லிகா