மச்சான், பெர்லின் சுவர்ல இருந்து ஆரம்பி

டேய் மச்சான்,

எப்பப் பாத்தாலும் பழைய காலத்து டாக்குமெண்டரியையே பாத்துட்டு இருக்கியே, அப்படி என்னதான்டா அதுல இருக்குன்னு போன்ல கேட்டல்ல, அதை வாயால சொன்னா பாதிதான் வரும், அதான் எழுதறேன்.

எனக்கு இந்த ஆசை வந்தது பெர்லின் சுவரால, அதான் கிழக்கு ஜெர்மனி ஜனங்க மேற்குப் பக்கம் ஓடிடாம இருக்க பெர்லினை ரெண்டாப் பிரிச்சுக் கட்டின சுவர். ஸ்கூல் புக்ல அது ஒரு வரி, அவ்ளோதான். ஆனா அது விழுந்த ராத்திரி பத்தின டாக்குமெண்டரியைப் பாரு. 1989 நவம்பர் 9 சாயங்காலம், கிழக்கு ஜெர்மனி ஆளுங்கட்சியில பெரிய ஆளு குந்தர் ஷபோவ்ஸ்கி பிரஸ் மீட் நடத்தறார், டிவில லைவ்வா போகுது. முடியப்போற நேரத்துல ஒரு பேப்பரை எடுத்துப் படிக்கறார், இனி ஜனங்க வெளிநாடு போலாம்னு. எப்ப இருந்துன்னு கேக்கறாங்க. மறுநாள்தான் வெளிய விடணும், முறையா விண்ணப்பம் போட்டுத்தான் போகணும்ங்கறது திட்டம், ஆனா அதைப் பேசி முடிவு பண்ணப்ப இவர் அங்க இல்ல, பேப்பரை மட்டும் கைல குடுத்து அனுப்பிட்டாங்க. பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டு, எனக்குத் தெரிஞ்சவரைக்கும் உடனே, இப்பவேங்கறார்!

அதே நேரம் சுவரைத் தாண்டிப் போற வழில இருந்த போர்ன்ஹோல்மர் தெரு செக்போஸ்ட்ல ஹரால்ட் யேகர்னு ஒரு அதிகாரி டிவில இதைப் பாத்து ஆடிப்போய்ட்டார். வாசல்ல கூட்டம் சேர்ந்துட்டே இருக்கு, மேலிடத்துக்குப் போன் மேல போன் போடறார், ஒருத்தரும் தெளிவா ஒண்ணும் சொல்லல. ரொம்ப சத்தம் போடறவங்களை மட்டும் விடு, பாஸ்போர்ட்ல போட்டோ மேல முத்திரை குத்து, திரும்பி வரமுடியாம இருக்கட்டும்னு உத்தரவு வருது. அப்படிப் போய்ப் பாத்துட்டு உடனே திரும்பி வந்த ஒரு இளம் ஜோடி, வீட்ல குழந்தைங்க தூங்குதுங்க, எங்களை உள்ள விடுங்கன்னு அழறாங்க. யேகரே அவங்களை விட்டுடறார். கடைசில ராத்திரி பதினொன்றரை மணி வாக்குல, யாரும் சொல்லாமலே, கேட்டைத் திறந்துடறார். வயசான பிறகு அவரே கேமரா முன்னாடி உக்காந்து அந்த ராத்திரியைச் சொல்றதைப் பாத்தேன் மச்சான், எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. அசோகரோட முகத்தை நாம பாக்கமுடியாது, குரலைக் கேக்கமுடியாது. இருபதாம் நூற்றாண்டுல அதைப் பண்ணவங்களே நம்மகிட்ட பேசறாங்க, முகம் சுருங்கறது தெரியுது, எங்க நிறுத்தி மூச்சு விடறாங்கன்னு தெரியுது.

ஆனா டாக்குமெண்டரியோட நின்னுடாத. ஒரு பேப்பர் குழப்பத்துலதான் சுவர் விழுந்துச்சுங்கற மாதிரி அது விட்டுடும். புக்குக்குப் போனாதான் பின்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியும், செப்டம்பர்லயே ஹங்கேரி ஆஸ்திரியா எல்லையைத் திறந்துவிட்டு ஆயிரக்கணக்குல கிழக்கு ஜெர்மனி ஆளுங்க அந்த வழியா வெளியேறினது, அக்டோபர் 9 அன்னிக்கு கிழக்கு ஜெர்மனியோட லைப்ஸிக் ஊர்ல ஆட்சியை எதிர்த்து 70,000 பேர் ரோட்டுல இறங்கினது, சுடுவாங்கன்னு பயந்துக்கிட்டேதான் இறங்கினாங்க, ஆனா சுடல. அதே வருஷம் பிப்ரவரில கிறிஸ் கெஃப்ராய்னு 20 வயசுப் பையன் சுவரைத் தாண்டப் பாத்து சுட்டுக் கொல்லப்பட்டான், இன்னும் ஒம்போது மாசம் பொறுத்திருந்தா நடந்தே போயிருப்பான். இதைப் படிச்சுட்டு அன்னிக்கு எனக்கு வேற எதையும் படிக்க முடியல.

அதனால நீ முதல்ல அந்த ராத்திரியைப் பாரு, அப்புறம் லைப்ஸிக் பத்திப் படி, அப்புறம் 1961க்குப் போ, ஒரே ராத்திரில ஊருக்கு நடுவுல முள்கம்பி போட்ட கதைக்கு. புக்கு என்கிட்ட இருக்கு, வந்து எடுத்துக்கோ. ஷபோவ்ஸ்கி "நாளைக்கு"ன்னு சொல்லியிருந்தாலும் சுவர் எப்படியும் விழுந்திருக்கும்னுதான் நான் நினைக்கறேன், ஆனா அந்த ராத்திரி அந்த வாசல்ல ரத்தம் சிந்தாம போனதுக்கு யேகருக்குத்தான் நன்றி சொல்லணும். படிச்சு முடிச்சுட்டு ஒத்துக்கறியா இல்லையான்னு எழுது.

உன் மச்சான்