மிதித்தால் செல்போன் சார்ஜ் ஆகுமா?

ஆசிரியருக்கு,

காலணிக்குள் பீசோ தகடு (அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் ஒட்டிய தகடு) வைத்து, நடந்தபடியே செல்போனை சார்ஜ் செய்யலாம் என்ற அறிவிப்பு பள்ளிக் கண்காட்சிதோறும் தவறாமல் இடம்பெறுகிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

ஒலி எழுப்பும் ‘பசர்’ கருவியில் இருக்கும் 27 மி.மீ. தகட்டின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 20 நானோஃபாரட். அழுத்தும்போது 30 வோல்ட் எழுந்தாலும் ஆற்றல் 9 மைக்ரோஜூல்தான். 4000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு வேண்டியது சுமார் 55,000 ஜூல். இழப்பே இல்லையென்றாலும் 600 கோடி முறை மிதிக்க வேண்டும்! எல்.இ.டி. பளிச்சிடுவதற்குச் சில மைக்ரோஜூல் போதும். கண்காட்சியில் கைதட்டல் கிடைப்பது அதனால்தான். (அட்டைக்குள் 9 வோல்ட் பேட்டரி ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.)

இந்தத் தகட்டுக்கு ஏற்ற வேலை, எப்போதாவது ஒரு சிக்னல் அனுப்பும் சிறு கருவி. அதற்கு மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 5 வோல்ட் வரை ஏற்ற, ஒற்றைத் தகட்டை இருநூறு முறைக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கும். இதற்கென்றே உள்ள எல்டிசி 3588 சிப் அதுவரை பொறுத்திருந்து, பிறகு சேர்ந்த மின்சாரத்தை 3.3 வோல்ட்டாகத் திறந்துவிடும். கிடைப்பது 280 மைக்ரோஜூல் அளவு.

பெரும்பாலும் சறுக்குவது கெப்பாசிட்டரில். பெரிதாக இருந்தால் நல்லது என்று 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கைப் போடுகிறார்கள். தகடு தருவதைவிட அதன் கசிவே கூடுதலாக இருக்கலாம். எவ்வளவு மிதித்தாலும் நிரம்பாது. கசிவு குறைந்த செராமிக்கே சரி. மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடிலும் இதே சிக்கல்: 1என்5819 ஷாட்கி வகையில் பின்னோக்கிய கசிவு அதிகம், 1என்4148 போதும். பத்துத் தகடுகளை நேரடியாக இணையாகக் கோத்தால், ஒன்று தரும் மின்னூட்டத்தை அழுத்தப்படாத மற்றது விழுங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி பிரிட்ஜ் (நான்கு டயோடு இணைப்பு) வேண்டும். தகட்டை மேசையில் முழுதாக ஒட்டினால் வளையாது. விளிம்பை மட்டும் வளையத்தில் தாங்கி, நடுவில் ரப்பர் துண்டு வைத்து அழுத்த வேண்டும். வெள்ளைப் பீங்கான் பக்கம் சால்டரிங் அயர்ன் ஓரிரு நொடிக்கு மேல் நின்றால் அந்த இடத்தில் பீசோ தன்மையே போய்விடும். அந்தப் பீங்கானில் ஈயம் உண்டு. மாணவர்கள் அதை அரத்தால் தேய்க்கக் கூடாது.

பேட்டரியில்லா வயர்லெஸ் ஸ்விட்சுகள் பலவற்றில் பீசோ கிடையாது. காந்தமும் சுருளும்தான். ஒரு தட்டலுக்கு 100 மைக்ரோஜூலுக்கு மேல் கிடைக்கும். ரேடியோ செய்தி ஒன்றை அனுப்ப அது போதும். அடுத்த கண்காட்சியில் நடுவர்கள் ‘எத்தனை வோல்ட்’ என்பதோடு நிறுத்தாமல், ‘எந்த கெப்பாசிட்டர், எத்தனை மிதியில் எவ்வளவு ஏறியது’ என்றும் கேட்கட்டும்.

– மின்னணுவியல் பயிற்றுநர்கள், திருச்சி