பசுங்கணிக ஜீனோம்: அந்த வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன மூலிகைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பசுங்கணிக ஜீனோமை (இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பின் முழு மரபுத்தொகுப்பை) படித்துவிட்டால் மருந்துக்கடைப் பொடியில் இருப்பது எந்தச் செடி என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம் என்று இருந்தது. மனம் பொறுக்கவில்லை.

பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் பசுங்கணிகம் தாய்வழியாகத்தான் வருகிறது. கலப்பினச் செடியின் தகப்பன் யாரென்று அதில் தெரியாது. அதற்காகத்தான் செல்லின் உட்கருவிலுள்ள ஐ.டி.எஸ்.2 என்ற டி.என்.ஏ. பகுதியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பசுங்கணிக ஜீனோம் சுமார் 1,50,000 கார இணைகள் (டி.என்.ஏ. எழுத்து ஜோடிகள்) கொண்ட வளையம். அது ஒழுங்காகக் கிடைக்க, ஒரே செடியின் இலையைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, செல்களை உடைக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில் 65 டிகிரி செல்சியஸில் வைத்து டி.என்.ஏ. எடுக்க வேண்டும். ஆவியில் வேகவைத்த சிவப்பு ஜின்செங் வேரில் டி.என்.ஏ. நொறுங்கிப் போயிருக்கும். நாலைந்து மூலிகை கலந்த பொடியில் நிலைமை இன்னும் கெடும். எல்லாச் செடிகளிலும் ஒரே மாதிரி இருக்கும் பகுதிகளில், துண்டுகளை இணைக்கும் மென்பொருள் தடுமாறி, ஒன்றின் துண்டை இன்னொன்றோடு ஒட்டிவிடும். கடைசியில் உலகில் எங்குமே இல்லாத செடியின் ஜீனோம் கைக்கு வரும்.

பிரஸ்ஸல்ஸ் துயரத்தைச் சான்றாகக் காட்டியிருக்கிறீர்கள். 1990களின் தொடக்கத்தில் உடல் மெலியத் தந்த மருந்தில் ஸ்டெபானியா வேருக்குப் பதில் அரிஸ்டோலோகியா வேர் சேர்ந்து, பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. அவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். பசுங்கணிகத்திலுள்ள ஆர்.பி.சி.எல். என்ற ஒரே மரபணுவின் சில நூறு எழுத்துகளே அவற்றைப் பிரித்துக் காட்டப் போதும். முழு ஜீனோம் தேவைப்படுவது பிரிட்டில்லாரியா என்ற மூலிகைப் பேரினத்தில் உள்ளவை போன்ற நெருங்கிய இனங்களுக்கு. எபிட்ரா என்ற மூலிகையின் தண்டை வியர்க்க வைக்கவும் வேரை வியர்வையை நிறுத்தவும் கொடுப்பார்கள். இரண்டிலும் டி.என்.ஏ. ஒன்றுதான். மாற்றிக் கொடுத்தால் எந்த ஜீனோம் கண்டுபிடிக்கும்?

முன்பு வந்த படத்திலும் இதே அவசரம். பசுங்கணிக வளையத்தின் ‘சிறு ஒற்றைப் பகுதி’ என்ற துண்டு தலைகீழாக இருப்பதை இரு இனங்களின் வேறுபாடென்று அம்புக்குறி போட்டுக் காட்டினீர்கள். ஒரே செடியிலேயே இரண்டு திசை வடிவங்களும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்துங்கள். வகைப்பாட்டு மரம் அச்சிடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உலர்தாவர மாதிரி எண்ணையும் (சான்றாக உலர்த்திப் பாதுகாத்த செடியின் எண்) போடுங்கள். அது இல்லாவிட்டால், தவறாகப் பெயரிட்ட செடியின் ஜீனோமை அடுத்தவர் சரிபார்க்க வழியில்லை.

இப்படிக்கு,
தாவர வகைப்பாட்டியல் துறை வாசகர்